ஓலைப் பெட்டிக்கும் கூலிக் கணக்கு உண்டு

பொன்னேரியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெளியே வந்தவர்களுக்குத் தாம்பூலப் பைக்குப் பதிலாக ஆளுக்கொரு பனை ஓலைப் பெட்டி கொடுத்தார்கள். கருஞ்சிவப்பும் பச்சையும் மாறிமாறி ஓடும் பின்னல், அழுத்தினால் கச்சிதமாக உட்காரும் மூடி, உள்ளே வெற்றிலை பாக்கும் ஒரு சாத்துக்குடியும். பழவேற்காட்டுப் பெண்கள் முடைந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல மனசு இவங்களுக்கு. பாவம் அந்தப் பொம்பளைங்க, ஏதோ ஒத்தாசையா இருக்கட்டும்னு வாங்கியிருக்காங்க” என்றார். பக்கத்தில் நின்ற அவர் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. “எத்தனை நாளைக்குண்ணே இப்படித் தாங்கிப் பிடிக்க முடியும்? சுத்தி இவ்வளவு கம்பெனி இருக்கு, வேலைக்குப் போகச் சொல்லணும். ஓலையை வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தா யாரு சோறு போடுவா?”

அண்ணன் இரக்கப்பட்டார், தம்பி சலித்துக்கொண்டார். பார்த்தால் எதிரும் புதிருமான பேச்சு. ஆனால் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அந்தப் பெட்டியைச் செய்தது ஒரு ‘வேலை’ என்று இருவருமே நினைக்கவில்லை. வேலை என்பது கம்பெனியில் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் நடப்பது பொழுதுபோக்கு, கைப்பழக்கம், பாரம்பரியம். ஆகவே அதற்குக் கொடுக்கும் காசு கூலி ஆகாது, தர்மம் ஆகும். அண்ணனுக்குத் தர்மம் செய்ய மனம் இருக்கிறது, தம்பிக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

திருவள்ளூர் மாவட்டம் முழுக்க இந்த நினைப்பு ஊறிக் கிடக்கிறது. அதிகாரிகள் பேச்சிலும், கைவினைக் கண்காட்சியைத் திறந்து வைப்பவர்கள் பேச்சிலும், ‘நியாய வணிகம்’ என்று பலகை வைத்து விற்கும் கடைகளின் விளம்பரத்திலும்கூட இதே நினைப்பைக் கேட்கிறேன். இதை மறுத்து எழுத வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

பக்கத்தில் சிப்காட் இருக்கிறதே

தம்பியின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களை நானும் பார்க்கிறேன். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறுகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். தன் கையில் தன் காசு என்ற தைரியம் அந்தப் பெண்களின் நடையிலேயே தெரிகிறது. பல குடும்பங்களில் தம்பி தங்கைகளின் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெண்கள் ஓலையோடுதான் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்களையும் எதிர்ப்பேன்.

ஆனால் ஒரு கேள்வி: எந்தப் பெண்ணுக்கு அந்த வேலை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் நிறைய. உலைக்கு முன் நிற்பவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்கள் வட மாநிலங்களிலிருந்து அழைத்து வந்த ஆண்கள். பெண்களை எடுக்கும் ஆலைகள் வேறு வகை. மின்னணுப் பொருள் பூட்டுவது, பொட்டலம் கட்டுவது, தரம் பார்ப்பது போன்ற வேலைகள். அங்கே கேட்பது இளம் கண்ணும் இளம் விரலும். பதினெட்டில் தொடங்கி இருபதுகளின் நடுவில் முடிந்துவிடுகிற வேலைவாழ்க்கை அது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்கு ஆள் எடுத்தபோது, திருமணமான பெண்களை ஒதுக்கினார்கள் என்பதே அந்தச் செய்தி. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அந்தச் செய்தி ஆச்சரியம் தரவில்லை. தாலி ஏறியதும் வேலை போனவர்களை அவர்கள் தம் தெருவிலேயே பார்த்திருக்கிறார்கள்.

ஓலை முடைபவர் யார்? பழவேற்காட்டில் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். பலருக்கு முப்பது, நாற்பது, ஐம்பது வயது. கைக்குழந்தையோடு இருப்பவர், படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்பவர், கணவனை இழந்தவர். ஊரிலிருந்து பொன்னேரிக்கே சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து பஸ் மாறிக் கும்மிடிப்பூண்டி போக வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்ப வழி கிடையாது. ‘கம்பெனிக்குப் போ’ என்ற அறிவுரை, கம்பெனி வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் பெண்ணிடம் சொல்லப்படுகிறது.

போனவர்களுக்காவது அது நிலைக்கிறதா? 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர், அவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். 2021 டிசம்பரில் நம் மாவட்டத்துப் பூந்தமல்லிப் பக்கம், பாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலை வேலை மோசம் என்று சொல்ல இவற்றை நினைவூட்டவில்லை. ஆலை வேலைதான் உறுதியானது, கைவேலை ஊசலாடுவது என்ற கற்பனையைக் களைவதற்காகச் சொல்கிறேன். முப்பது வயதுக்குள் ஆலையிலிருந்து வெளியே வரும் பெண்ணுக்கு அதன்பின் இன்னும் முப்பது வருடம் உழைக்கும் உடல் இருக்கிறது. அந்த முப்பது வருடத்துக்குத் தம்பியிடம் பதில் இல்லை.

ஓய்வு நேரத்தில் செய்வதுதானே

அண்ணனின் இரக்கத்துக்கு அடியில் இருப்பது இந்த நம்பிக்கை. சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, பொழுது போகாமல் பின்னுகிறார்கள், வந்தவரை லாபம் என்று அவர் நினைக்கிறார்.

ஒரு பெட்டி எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். முதலில் குருத்தோலை வேண்டும். பனையேறத் தெரிந்த ஆளைப் பிடித்து, காசு கொடுத்து வெட்டச் சொல்ல வேண்டும். முற்றிய ஓலை பின்னலுக்கு வளையாது. வந்த ஓலையை விரித்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஈர்க்கை நீக்கிவிட்டு, கத்தியால் ஒரே அகலத்தில் வார வேண்டும். ஓரிடத்தில் நூலிழை கூடினாலும் பின்னல் கோணிவிடும். வார்ந்ததைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்து உலர்த்த வேண்டும். முடையும்போது ஓலை முறியாதபடி ஈரம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்பக்கம், சுவர், விளிம்பு, அதன்மேல் தனியாக ஒரு மூடி. மூடி இறுகினால் திறக்க வராது, தளர்ந்தால் விழுந்துவிடும். இந்த அளவைக் கையே அறிய வேண்டும். கழுத்தும் முதுகும் வலிக்கும், ஓலை விளிம்பு விரலை அறுக்கும். மழைக்காலத்தில் ஓலை காயாது, காய்ந்த ஓலையிலும் பூஞ்சை பூக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் வருமானம் பாதியாகும்.

இத்தனையும் ஓய்வு என்றால் உழைப்பு என்பது எது?

இந்தக் கேள்வியை ஆந்திரத்தின் நரசாப்பூரை வைத்து மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1982இல் ஒரு நூலாகவே எழுதினார். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நூலால் பூப்பின்னல் பின்னினார்கள். அது வெளிநாட்டுக்குப் போனது, ஏற்றுமதியாளர்கள் வசதியாக வாழ்ந்தார்கள். பின்னிய பெண்களோ அரசுக் கணக்கில் தொழிலாளர்களாகவே பதிவாகவில்லை. அவர்கள் ‘வீட்டுப் பெண்கள்’, ஓய்வு நேரத்தை நல்லவிதமாகக் கழிப்பவர்கள். இந்த ஒரு சொல்தான் கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தது என்று மீஸ் காட்டினார். ‘வீட்டுப் பெண்’ என்று சொல்லிவிட்டால் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. அதே சொல்லைத்தான் இன்று பழவேற்காட்டிலும் கேட்கிறேன்.

1972இல் அகமதாபாத்தில் இலா பட், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள் தயங்கினார்கள். எதிரில் முதலாளியே இல்லாதபோது சங்கம் யாரை எதிர்த்து என்று கேட்டார்கள். யாரையும் எதிர்க்க வேண்டாம், உழைப்பவர்கள் ஒன்றுகூடவே சங்கம் வேண்டும் என்று வாதாடிப் பதிவு பெற்றார்கள். 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென்று 177ஆம் உடன்படிக்கையையே நிறைவேற்றியது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை. உலகமே ‘வேலை’ என்று ஒப்புக்கொண்டதை நாம் இன்னும் பொழுதுபோக்கு என்கிறோம்.

எளிய கணக்கு ஒன்று போடுவோம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். தனித் திறமை எதுவும் கேட்காத வேலைக்கு அரசே வகுத்த தொகை. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். ஓலை வாருவது முதல் மூடி பொருத்துவது வரை ஒரு பெட்டிக்கு நாலு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூலி மட்டுமே 168 ரூபாய். ஓலை, சாயம், விறகு, பஸ் செலவு தனி. பல வருடம் பழகிய கைத்திறமைக்கு இன்னும் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. அந்தப் பெட்டியைக் கண்காட்சியில் எடுத்துப் பார்த்து ‘நூறு ரூபாய்க்குத் தருவீங்களா’ என்று கேட்பவர், மண் வெட்டுபவருக்கு அரசு தரும் கூலியைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் அந்தக் கேள்வி அவர் வாயில் வந்திருக்காது.

விலையைச் சந்தை தீர்மானிக்கட்டும்

படித்தவர்கள் அடுத்துச் சொல்வது இது. பிளாஸ்டிக் டப்பா 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஓலைப் பெட்டியால் போட்டி போட முடியவில்லை என்றால் அது மறைந்துபோவதுதான் இயற்கை என்கிறார்கள்.

பழவேற்காட்டில் நின்றுகொண்டு இப்படிச் சொல்லக் கூடாது. சந்தை விலையை யார், எப்படித் தீர்மானித்தார்கள் என்று இந்தியாவிலேயே நன்றாக அறிந்த ஊர்களில் ஒன்று அது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சுற்றுவட்டாரத்துத் தறிகளில் நெய்த துணி பழவேற்காட்டில் கப்பலேறித் தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் போனது. அந்தத் துணியைக் கொடுத்துத்தான் அங்கே வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். அன்று நெசவாளருக்கு வணிகர்கள் முன்பணம் கொடுப்பார்கள். பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட ஆய்வு நூலில் காட்டுவது முக்கியமானது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி வேரூன்றுவதற்கு முன் தென்னிந்திய நெசவாளர், விலை பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஆளுக்கு விற்க முடிந்தது. அந்த ஒரு உரிமை அவரது பேரத்துக்குப் பலம் தந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கம்பெனி அரசதிகாரத்தைக் கொண்டு அந்த உரிமையைப் பறித்தது. தறியும் கையும் அதேதான். ஆனால் நெசவாளரின் கூலி சரிந்தது. மறுக்கும் உரிமை போனதும் விலை எதிராளியின் கைக்குப் போய்விட்டது.

இன்று ஓலை முடைபவரின் நிலையும் அதுவே. விலையைத் தீர்மானிப்பது யாரால் காத்திருக்க முடியும் என்பது. வியாபாரியால் அடுத்த வாரம் வரை காத்திருக்க முடியும். வெள்ளிக்கிழமை குழு லோன் தவணை கட்ட வேண்டிய பெண்ணால் வியாழக்கிழமைக்கு மேல் காத்திருக்க முடியாது. டஜனுக்கு என்ன கொடுத்தாலும் சரி என்று கொடுத்துவிடுவார். இப்படி உருவாகும் விலையை இயற்கை என்று சொல்வது தவறு. தவணை நாளின் நெருக்கடி அது.

கூட்டுறவின் பொருளே இங்கேதான் இருக்கிறது. தனியாக நிற்கும் பெண்ணால் காத்திருக்க முடியாது. நாற்பது பேர் சேர்ந்தால் முடியும். சரக்கைச் சங்கம் வாங்கி வைத்துக்கொள்ளும், கூலியை உடனே கொடுக்கும், ஓலையை மொத்தமாக வாங்கும், வியாபாரியிடம் ‘இந்த விலைக்கு இல்லை’ என்று சொல்லும். பழவேற்காட்டுப் பெண்கள் பனை ஓலைக்கெனச் சங்கம் வைத்தது இதற்காகத்தான். நம் மாவட்டத்துக்கு இது புதுப் பாடமும் இல்லை. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904ஆம் ஆண்டிலேயே, நாட்டின் முதல் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்று தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில்தான். வட்டிக்காரரிடம் தனித்தனியாகத் தோற்றுக்கொண்டிருந்த விவசாயிகள் சேர்ந்து நின்று கடன் பெற்ற இடம் அது. நூற்றிருபது வருடத்துக்கு முன் நெல்லுக்குப் புரிந்தது இன்று ஓலைக்குப் புரிய வேண்டும்.

பெண்கள் சேர்ந்தால் நிர்வாகம் ஓடாது என்பவர்கள், தங்கள் வீட்டு அப்பளத்தைப் பார்க்கட்டும். 1959 மார்ச் 15இல் மும்பை கிர்காமில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் தொடங்கியது லிஜ்ஜத். நன்கொடை கேட்பதில்லை, தரம் குறைந்த அப்பளம் விற்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தார்கள். அங்கே அப்பளம் இடுபவரே உரிமையாளர். இன்று கடையில் அந்தப் பாக்கெட்டை எடுக்கும் யாரும் ‘பாவம்’ என்று எடுப்பதில்லை. அப்பளம் நன்றாக இருக்கிறது, எடுக்கிறார்கள். ஓலைப் பெட்டியும் அப்படி வாங்கப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

இரக்கத்தால் வரும் கேடு

இரக்கப்பட்டு வாங்கினால்தான் என்ன, காசு போய்ச் சேருகிறதே என்று என் நண்பர் கேட்கலாம். கேடு இருக்கிறது.

இரக்கம் ஒரு தடவை வாங்கும். மறுபடி வராது. கண்காட்சியில் ஒரு பெட்டி வாங்கியவருக்குக் கடமை முடிந்துவிட்டது. முடைபவருக்குத் தேவை ஒரு நாள் விற்பனை இல்லை, பன்னிரண்டு மாதமும் வரும் ஆர்டர். இரக்கம் தரம் கேட்காது. மூடி சரியாக உட்காராவிட்டாலும் ‘பரவாயில்லை, பாவம்’ என்று வாங்கிக்கொள்ளும், வீட்டுக்குப் போய் ஓரமாகப் போடும். கோணல் கோணலாக இருந்தாலும் விற்கும் என்றால், நேராக முடைபவரின் கைக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? இரக்கம் பேரமும் பேசும். உதவிதானே, எவ்வளவு கொடுத்தாலும் அவர்களுக்கு லாபம்தானே என்று நினைக்கும். கூலி என்று நினைத்தவருக்குக் குறைத்துக் கொடுக்கக் கூச்சமாக இருக்கும்.

நியாய வணிக இயக்கமே இந்தப் பாதையைக் கடந்துதான் வந்தது. 1946இல் அமெரிக்காவின் எட்னா ரூத் பைலர் என்ற பெண்மணி, போர்ட்டோ ரிகோவில் ஏழைப் பெண்களின் பூவேலைத் துணிகளைப் பார்த்து மனமிரங்கி வாங்கிச் சென்று அக்கம்பக்கத்தாருக்கு விற்றார். தொடக்கம் இரக்கம்தான். 1988இல் நெதர்லாந்தில் மெக்சிகோ விவசாயிகளின் காப்பிக்கு முதல் நியாய வணிக முத்திரை வந்தபோது அது நிபந்தனைகளாக மாறியிருந்தது. அந்த முத்திரைக்கு வைத்த பெயர் மேக்ஸ் ஹேவலார். ஜாவாவில் டச்சு ஆட்சி விவசாயிகளைச் சுரண்டியதை அம்பலப்படுத்திய 1860ஆம் ஆண்டு நாவலின் பெயர் அது. பழவேற்காட்டுத் துணி போய் இறங்கிய தீவுகளின் கதை. தங்கள் முன்னோர் செய்த வணிகத்துக்குக் கணக்குக் கேட்ட பெயரை அந்த நாட்டுக்காரர்களே முத்திரையாக்கினார்கள்.

இன்று உலக நியாய வணிக அமைப்பு வகுத்திருக்கும் 10 கொள்கைகளில் இரக்கம் என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. விலையைப் பேசி இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உற்பத்தி செய்பவர் கேட்டால், கைவினைப் பொருளுக்கு ஆர்டர் தொகையில் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாத முன்பணமாகக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையின் அருமை, வியாழக்கிழமை மாலை பெட்டியை அடிமாட்டு விலைக்கு விற்ற பெண்ணுக்குத் தெரியும். முன்பணம் ஓலை வாங்கும், தவணை கட்டும், காத்திருக்கும் பலம் தரும். அன்று கம்பெனி கொடுத்த முன்பணம் நெசவாளரைக் கட்டிப்போட்டது. விலையில் அவர் பேச்சும் சேரும்போது அதே முன்பணம் கட்டை அவிழ்க்கும்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர். ஒரு பொருளை வாங்குகிறவர், அது எப்படி உற்பத்தியானதோ அதற்கும் பங்காளி ஆகிறார் என்று அவர் அன்றே வலியுறுத்தினார். போர்ட்டோ ரிகோவுக்குப் பல வருடம் முன்பே தமிழர் ஒருவர் தொடங்கிவிட்ட வாதம் இது.

நம் பக்கத்திலும் குறை இருக்கிறது

எதிராளியின் தவறை மட்டும் சொல்லி முடித்தால் இந்த மறுப்பு பாதியில் நின்றுவிடும். ‘நியாயமாக வாங்குங்கள், பெண்கள் உயர்வார்கள்’ என்று மட்டும் சொல்லும் நம் பக்கத்து ஆட்களிடமும் எனக்கு வழக்கு உண்டு.

வாங்குவது மட்டும் போதாது. சிரிக்கும் பெண்ணின் படத்தை அட்டையில் அச்சடித்து, ‘உங்கள் பணம் இவள் வாழ்வை மாற்றும்’ என்று எழுதி விற்கும் கடைகள் பெருகிவிட்டன. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெட்டிக்கு எவ்வளவு போனது என்று அட்டையில் இருக்காது. விலையைப் பேசும்போது அவர் அங்கே இருந்தாரா என்றும் இருக்காது. கூட்டுறவு என்று பலகை மாட்டினாலும் அதேதான். பெயருக்கு உறுப்பினர், கணக்குப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார் என்றால் அது பெண்கள் சங்கம் ஆகாது. தேர்தலே நடக்காமல் அதிகாரி கையில் சங்க நிர்வாகம் இருக்கும் காலங்களைத் தமிழ்நாட்டுக் கூட்டுறவு வரலாறு நிறையவே கண்டிருக்கிறது. உறுப்பினர் தேர்ந்தெடுக்காத நிர்வாகம் உறுப்பினருக்குக் கணக்குக் காட்டாது.

அரசுக்கும் சொல்ல வேண்டும். கமலாதேவி சட்டோபாத்யாய தலைமையில் 1952இல் உருவான அகில இந்தியக் கைவினை வாரியத்தை 2020இல் ஒன்றிய அரசு கலைத்தது. கைவினைஞரின் குரல் தில்லியில் ஒலிக்க இருந்த ஓரிடமும் போயிற்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடை ஓலைக்கு ஒரு சந்தையைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். கோவில் பிரசாதத்துக்கும் அரசு விழாவுக்கும் சங்கங்களிடமிருந்து நியாய விலையில் ஓலைப் பெட்டி வாங்குவதாக ஓர் உறுதியான ஆணை வந்தால், கண்காட்சி மேடைப் பேச்சுகள் நூறு சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது.

மரமும் மறையக் கூடாது. பனை நம் மாநில மரம். வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் நிலம் மனையாகவும் கிடங்காகவும் மாறும் வேகத்தை அறிந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு மட்டும் நிம்மதி தராது. குருத்தோலை தொலைவிலிருந்து வந்தால் அதன் விலை ஏறும், அந்த ஏற்றமும் முடைபவரின் கூலியிலிருந்தே கழியும். ஆலைகள் வரட்டும். வரும்போது வரப்புப் பனையை விட்டுவிட்டு வரட்டும்.

இவ்வளவும் சொன்னபின் வாங்குபவர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ‘எவ்வளவு குறைப்பீங்க’ என்பதை விட்டுவிட்டு ‘இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு’ என்று கேட்கலாம். கடைக்காரரிடம் ‘இதில் முடைந்தவருக்கு எவ்வளவு’ என்று கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காமல் வரலாம். மூடி சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லி மாற்றித் தரக் கேட்கலாம், அது அந்தக் கைக்குத் தரும் மரியாதை. ஒன்று வாங்குவதைவிட, தேவை இருக்கும்போது முன்கூட்டி மொத்தமாக ஆர்டர் கொடுக்கலாம்.

கல்யாண மண்டபத்திலிருந்து நடந்து வரும்போது நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ரயில்வே ஸ்டேஷன் வரை அவர் எதுவும் பேசவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததும், வரும் தை மாதம் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும், தாம்பூலத்துக்கு முந்நூறு பெட்டி வேண்டியிருக்கும் என்றும், மார்கழி பிறந்ததும் போய்ச் சொல்லிவிடலாமா என்றும் கேட்டார். மார்கழியில் சொன்னால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாத ஓலையை வைத்துக்கொண்டு அவர்கள் இரவெல்லாம் கண் விழிக்க வேண்டியிருக்கும் என்றேன். ஆவணியிலேயே போகலாம், வெயில் இருக்கும்போதே ஓலையைக் காயவைத்துச் சாயம் ஏற்றிவிடுவார்கள். எத்தனை மணி நேர வேலை என்று கேட்டு அவர்கள் சொல்லும் விலையை எழுதிக்கொண்டு, பாதித் தொகையை அன்றே கொடுத்துவிட்டு வரலாம். “சரி, ஆவணியிலேயே போவோம். தம்பியையும் கூட்டிட்டு வரேன்” என்றார்.